தோற்றுக்கொண்டே இருக்கும் ரக்பி அணி: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலை ஐந்தரைக்குப் பயிற்சி. பதினான்கு பையன்கள், இரண்டு பந்து. பாதிப் பேர் கபடியிலிருந்து வந்தவர்கள், மற்றவர்கள் பள்ளியில் ஓட்டப்பந்தயம் ஓடியவர்கள். நாங்கள் ஆடுவது எழுவர் ரக்பி. பாதிக்கு 7 நிமிடம், நடுவில் 2 நிமிட இடைவேளை, கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்தக் கால் மணி நேரத்துக்குள் புதுச்சேரியில் ஒரு அணி எங்கள் மேல் ஆறு டிரை வைத்தது, அதாவது எங்கள் கோட்டுக்கு அப்பால் ஆறு தடவை பந்தைத் தரையில் ஊன்றியது, ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி. ஆறுக்கும் கன்வெர்ஷன், டிரைக்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் 2 புள்ளி உதை, உதைத்தார்கள். 42-0.

"அவனுங்க எல்லாம் ஜிம் பாடிண்ணா" என்றார்கள் பையன்கள். நான் நேராக அந்த அணியின் கோச்சிடம் போய், எங்களிடம் என்ன குறை என்று கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "உடம்பை விடுங்கண்ணே. விழுந்தா எழுந்திருக்க உங்க பசங்களுக்கு எவ்ளோ நேரம் ஆவுதுன்னு எண்ணிப் பாத்தீங்களா? நாங்க வாட்ச் வெச்சு எண்ணுவோம்."

கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தப் பேச்சிலிருந்து கிளைத்ததுதான். பலமான அணி பந்தோடு என்ன செய்கிறது என்று எல்லோரும் பார்க்கிறோம். பந்து இல்லாத ஆறு பேர் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு விஷயம் பிடிபட்டது.

முதலில் ஒரு வேலை. உங்கள் கடைசி ஆட்டத்தின் வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் எடுத்தது போதும், கொஞ்சம் உயரத்திலிருந்து எடுத்திருந்தால் நல்லது. ஒரு தடவை சாதாரணமாகப் பாருங்கள். அடுத்த தடவை பந்து போகும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மற்றவர்களை மட்டும் பாருங்கள். அப்புறம் கீழே உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: முதல் பாதி சமமாகப் போகிறது, கடைசி மூன்று நிமிடத்தில் டிரை கொட்டுகிறது

"ஸ்டாமினா இல்லை" என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் பையன்களை இன்னும் நான்கு ரவுண்டு ஓடவிடுவார்கள். அதற்கு முன் இதைச் செய்யுங்கள். வீடியோவில் உங்கள் பையன்கள் போட்ட ஐந்து டாக்கிளை, அதாவது பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்துவதை, தேர்ந்தெடுங்கள். தோள் தரையில் பட்ட நொடியிலிருந்து, அவன் எழுந்து எதிரணியைப் பார்த்து நிற்கும் நொடிவரை எண்ணுங்கள். அதே கணக்கை எதிரணிக்கும் போடுங்கள். எங்களுக்கு நாலரை வினாடி வந்தது. அவர்களுக்கு இரண்டு.

இரண்டரை வினாடியில் என்ன குடிமுழுகிப்போகும் என்று தோன்றலாம். எழுவர் ரக்பிக்கும் மைதானம் பதினைந்து பேர் ஆடும் அதே மைதானம்தான், அகலம் 70 மீட்டர்வரை இருக்கும். ஏழு பேரும் நின்றால் ஆளுக்குப் பத்து மீட்டர் காவல். இரண்டு பேர் தரையில் கிடந்தால் மிச்சம் ஐந்து பேர், ஆளுக்குப் பதினான்கு மீட்டர். அந்தக் கூடுதல் நான்கு மீட்டரை ஓடி அடைக்கிறவன்தான் பன்னிரண்டாவது நிமிடத்தில் இடுப்பில் கை வைத்து நிற்கிறான். களைப்பு தானாக வரவில்லை, விழுந்து கிடந்தவன் அதை அவன் தலையில் ஏற்றிவிட்டான்.

எங்கள் பையன் ஒருவனை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நல்ல டாக்கிள், தோள் சரியாக இறங்கியிருக்கிறது. விழுந்ததும் முதலில் நடுவர் முகத்தைப் பார்க்கிறான். அப்புறம் பந்து எங்கே போகிறது என்று பார்க்கிறான். முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டுகிறான். அப்புறம்தான் ஒரு முட்டியை ஊன்றுகிறான். எதிரணிப் பையன் விழும்போதே பாருங்கள்: தோள் தரையைத் தொடும்போதே மறு உள்ளங்கை தரையில் ஊன்றிவிட்டது. குப்புறப் புரள்கிறான், மார்புக்கடியில் முட்டி வருகிறது, நின்றுவிட்டான். பந்தைப் பார்ப்பதெல்லாம் எழுந்த பிறகு.

சரிசெய்ய: மணலில் விழு, எழு, கோட்டுக்கு ஓடு. பத்துத் தடவை, ஒவ்வொன்றுக்கும் வாட்ச். மணலில் எழுவது கஷ்டம், அதனால்தான் மணல். வாரத்துக்கு மூன்று நாள் செய்தோம். ஆறாவது வாரம் மூன்று வினாடிக்குக் கீழே வந்தது. மூன்றுக்குக் கீழே வந்த பிறகும் கடைசியில் டிரை கொட்டினால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, உண்மையாகவே தம் போதவில்லை. இன்னொன்று, உங்கள் கைக்குப் பந்தே வருவதில்லை. இரண்டாவதுதான் அதிகம் நடப்பது, அதற்கு அடுத்த அறிகுறியைப் பாருங்கள்.

அறிகுறி: பந்தையே தொடவில்லை, அதற்குள் 21-0

எழுவர் ரக்பியில் இது ஒரு சுழல். பதினைந்து பேர் ஆட்டத்தில் புள்ளி வாங்கிய அணி உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும். எழுவரில் புள்ளி எடுத்த அணியே உதைக்கும். எடுத்தவனுக்குப் பந்து போய்க்கொண்டே இருக்கக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு, உங்களுக்குச் சாதகமானது. ஆனால் அந்த உதையைப் பிடிக்கத் தெரியாவிட்டால் அதுவே எமனாகிவிடும். அவர்கள் டிரை வைக்கிறார்கள், உதைக்கிறார்கள், நீங்கள் தவறவிடுகிறீர்கள், அவர்களே எடுத்து இன்னொரு டிரை. மூன்று தடவை நடந்தால் 21.

உதை மேலே போனதும் படத்தை நிறுத்துங்கள். உங்கள் அணியில் எத்தனை பேர் வானத்தைப் பார்க்கிறார்கள்? எங்கள் படத்தில் ஆறு பேர். பலமான அணியில் இரண்டு பேர்தான் பார்க்கிறார்கள், குதிக்கிறவன் ஒருவன், அவனைத் தூக்குகிறவன் ஒருவன். மூன்றாமவன் மூன்று நான்கு மீட்டர் பின்னால், பந்து தட்டிப்போனால் விழும் இடத்தில் குனிந்து நிற்கிறான். மற்றவர்கள் அடுத்த பாஸுக்காக அகல விரிந்து ஓடிவிட்டார்கள்.

முதல் மருந்து குரல். "என்னது" என்று ஒருவன், ஒரே ஒருவன், பந்து உச்சியில் இருக்கும்போதே கத்த வேண்டும். இரண்டு குரல் கேட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவேன்.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிடும். கடலைப் பார்த்து உதைத்த பந்து நடுவானில் நின்று, கொஞ்சம் பின்வாங்கி விழும். காலைக் காற்றில் மட்டும் பயிற்சி செய்கிற அணி சாயங்கால ஆட்டத்தில் ஐந்து மீட்டர் பின்னால் நின்று ஏமாறும். வாரம் ஒரு நாளாவது நாலு மணிக்கு மேல் கடற்கரைக்குப் போய் உதைத்துப் பிடியுங்கள். உதைக்கிற பக்கத்துக்கும் இது உதவும், உதை 10 மீட்டர் தாண்டாவிட்டால் பந்து எதிரணிக்கு.

அறிகுறி: டாக்கிள் போடுகிறான், ஆனால் ஆள் விழவில்லை. அல்லது விழுந்த பிறகு பெனால்டி

கபடியிலிருந்து வந்த பையன் இருக்கிற அணிகள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், நம் பக்கத்தில் அநேகமாக எல்லா அணியிலும் இருப்பான்.

கபடி ஆடியவனுக்கு ரக்பியில் பெரிய சொத்து இருக்கிறது. பாடி வருகிறவனின் இடுப்பைப் பார்த்து நகரத் தெரியும், தொடையைக் கட்டத் தெரியும், கூட நிற்கிறவனோடு சேர்ந்து அடைக்கத் தெரியும். ஆனால் மூன்று பழக்கம் அவனுக்கு இங்கே எதிரி. ஒன்று, காத்திருந்து பின்னாலிருந்து பிடிப்பது. ரக்பியில் காத்திருந்தால் ஓடி வருகிறவன் முழு வேகம் எடுத்துவிடுவான், இரண்டு எட்டு முன்னே போய் அவன் இடத்தைச் சுருக்க வேண்டும். இரண்டு, கணுக்கால் பாய்ச்சல். பத்தில் ஒன்று கிடைக்கும், ஒன்பது தடவை மண்ணைக் கவ்வுவான். மூன்றாவதுதான் மோசம்: பிடித்ததை விடாமல் இருப்பது. கபடியில் கோட்டைத் தொடவிடாமல் அமுக்கி வைத்திருப்பதுதான் வெற்றி. ரக்பியில் ஆள் தரைக்கு வந்த கணமே கையை எடுத்துவிட்டு எழ வேண்டும், இல்லாவிட்டால் பெனால்டி. எங்களுக்கு அன்று விழுந்த ஒன்பது பெனால்டியில் நான்கு இதனால் வந்தவை. நான்கும் பிரமாதமான பிடிகள்.

சொல்லிக்கொடுக்கும்போது "விடு" என்று சொல்லாதீர்கள், அவன் உடம்பு கேட்காது. "தட்டி எழு" என்று சொல்லுங்கள். இரண்டு உள்ளங்கையையும் விரித்து நடுவர் பார்க்கும்படி காட்டிவிட்டு எழுவது ஒரே அசைவாகப் பழகட்டும். எங்களுக்கு அது வேலை செய்தது.

ஆள் விழாமல் நழுவிப் போனால் பிடியின் உயரத்தைப் பாருங்கள். மார்புக்கு மேலே போனால் பலசாலி உதறிவிட்டுப் போவான், தோள்கோட்டுக்கு மேலே போனால் அது அபாயகரமான ஆட்டம், பெனால்டி, அட்டைகூட வரலாம். எழுவரில் மஞ்சள் அட்டை என்றால் 2 நிமிடம் ஆறு பேரோடு ஆட வேண்டும். தொடைக்கு இறங்குங்கள். தலை ஓடுகிறவனின் பின்பக்கம் இருக்கட்டும், கன்னம் அவன் பின்தொடையில் ஒட்டட்டும், இரு கையும் சுற்றிக் கட்டட்டும். தலை முன்பக்கம் போனால் அவன் முட்டி உங்கள் பையன் நெற்றியில். இந்த ஒன்றில் நான் சமரசம் செய்வதில்லை. தலையில் அடிபட்ட பையன், "ஒண்ணுமில்லண்ணா, ஓகேதான்" என்று எவ்வளவு கெஞ்சினாலும் அன்றைக்கு மறுபடி களத்துக்குள் போகமாட்டான். டாக்டரைப் பார்க்க வேண்டும். இறுதி ஆட்டமாக இருந்தாலும் அப்படித்தான்.

அறிகுறி: நன்றாக ஓடிப் போகிறோம், பிடிபட்டதும் பந்து பறிபோகிறது

ஓடியவனைத் திட்டுவதற்கு முன் அவனுக்குப் பின்னால் பாருங்கள். துணைக்கு வர வேண்டியவன் எங்கே? எங்கள் படத்தில் அவன் பத்து மீட்டர் தள்ளி ஓரத்தில், பாஸ் வரும் என்று கையை நீட்டிக்கொண்டு ஓடுகிறான். பாஸ் வரவில்லை, நண்பன் பிடிபட்டான், இவன் திரும்பி வருவதற்குள் எதிரணிக்காரன் காலை ஊன்றி நின்று பந்தின் மேல் கை வைத்துவிட்டான். பலமான அணியில் ஒருவன் எப்போதும் பின்னால், குரல் கேட்கிற தூரத்தில், நிழல் மாதிரி வருகிறான். டிரை அவன் பெயரில் வராது, வீடியோவிலும் யாரும் அவனைக் கவனிக்கமாட்டார்கள். அவனைக் கவனியுங்கள்.

விழுந்தவனுக்கும் வேலை இருக்கிறது. உடம்பை நீளவாக்கில் போட்டு, கையை நீட்டி, பந்தைத் தன் அணிப்பக்கம் தள்ளி வைக்க வேண்டும். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுருண்டு படுப்பது இயல்பான பயம்தான், ஆனால் அதுவும் பெனால்டி. துணைக்கு வருகிறவன் பக்கவாட்டில் நுழையாமல் பின்னாலிருந்து நேராக வர வேண்டும்.

அறிகுறி: எதிரணி ஏதோ புதுசாகச் செய்கிறது, நம் பையன்கள் நடுவரையே பார்க்கிறார்கள்

இது பெரிய அணிக்கும் வரும். 2017 ஆறு நாடுகள் போட்டியில் (ஐரோப்பாவில் ஆண்டுதோறும் நடக்கும் பதினைந்து பேர் ஆட்டம்) ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தை எதிர்த்து ஆடிய இத்தாலி, டாக்கிளுக்குப் பிறகு ரக்கில், அதாவது கீழே கிடக்கும் பந்துக்கு மேல் இரண்டு அணியும் நின்று தள்ளிக்கொள்ளும் இடத்தில், ஆளையே சேர்க்கவில்லை. அன்றைய விதிப்படி ரக் உருவாகாவிட்டால் ஆஃப்சைடு கோடும், அதாவது தாண்டி நிற்கக்கூடாத கோடும், கிடையாது. இத்தாலிக்காரர்கள் போய் இங்கிலாந்துப் பாஸ் போகும் வழியில் நின்றுகொண்டார்கள். இங்கிலாந்து வீரர்கள் திகைத்துப்போய், ரக் உருவாக நாங்கள் என்ன செய்வது என்று நடுவர் ரொமாங் புவாத்தையே கேட்டார்கள். தான் நடுவர், கோச் அல்ல என்று அவர் சொல்லிவிட்டார். இடைவேளையில் 10-5 என்று இத்தாலி முன்னிலை.

முடிவில் 36-15 என்று இங்கிலாந்து வென்றது. இடைவேளையில் உட்கார்ந்து பேசி, அகலப் பாஸை விட்டுவிட்டு ரக்குக்குப் பக்கத்திலேயே நேராக ஓடத் தொடங்கினார்கள். பிறகு விதியையே மாற்றி அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. எனக்கு இந்த ஆட்டத்தில் இரண்டு பக்கமும் பிடிக்கும். நலிந்த அணி விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தது. பலமான அணி நாற்பது நிமிடத்தில் பாடம் கற்றுத் தன்னை மாற்றிக்கொண்டது.

நமக்கு இடைவேளை 2 நிமிடம்தான், அதில் கோச் பிரசங்கம் செய்யக்கூடாது. ஒரு கேள்வி போதும்: "அவங்க எங்க இடம் விடுறாங்க?" பையன்கள் சொல்லட்டும். வாரம் ஒரு விதியைப் பையன் ஒருவன் மற்றவர்களுக்கு மணலில் கோடு போட்டு விளக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

அறிகுறி: பலமான அணியைப் பார்த்துச் செய்தோம், இன்னும் மோசமாகிவிட்டது

ஃபிஜி ஆட்டத்தைப் பார்க்காத எழுவர் ரக்பி அணி கிடையாது. 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியில் பிரிட்டனை 43-7 என்று அடித்தார்கள், டோக்கியோவிலும் தங்கம். டாக்கிளில் விழுந்துகொண்டே ஒற்றைக் கையால் பந்தைத் தள்ளிவிடுவார்கள், அங்கே ஒருவன் வந்து நிற்பான். எங்கள் பையன்கள் அதைச் செய்தார்கள். பந்து போன இடத்தில் யாரும் இல்லை. அந்தக் கையை மட்டும் பார்த்தார்கள், வந்து நின்றவனின் கால்களைப் பார்க்கவில்லை.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு நான் பையன்களிடம் சொல்வது ஜப்பான் கதை. 1995 உலகக் கோப்பையில் நியூசிலாந்து அவர்களை 145-17 என்று நொறுக்கியது. 1991-இல் ஜிம்பாப்வேயை வென்ற பிறகு, 2015 வரை உலகக் கோப்பையில் ஒரு வெற்றிகூட அவர்களுக்கு இல்லை. 2015-இல் பிரைட்டனில், அதுவரை இரண்டு தடவை கோப்பை வென்றிருந்த தென்னாப்பிரிக்காவை 34-32 என்று சாய்த்தார்கள். கோச் எட்டி ஜோன்ஸ், தென்னாப்பிரிக்கர்கள் மாதிரி பெரிய உடம்பைத் தேடிப் போகவில்லை. டாக்கிளைத் தாழ்த்தினார், பந்தைச் சீக்கிரம் வெளியே எடுக்கப் பழக்கினார். ஸ்க்ரமை (இரு அணியின் முன்னணி வீரர்கள் தோள் கோத்து ஒருவரையொருவர் தள்ளுவது) மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது என்று அதற்கு பிரான்ஸிலிருந்து மார்க் தால் மாசோவை அழைத்து வந்தார். தாங்கள் தாங்கிக்கொள்ள வேண்டிய இடத்தில் அடுத்தவர் வித்தையை வாங்கினார்கள், தங்களுக்கு வருகிற இடத்தில் தங்கள் வழியில் போனார்கள். கடைசி நிமிடத்தில் 29-32, பெனால்டி கிடைக்கிறது. உதைத்தால் சமன். கேப்டன் மைக்கேல் லைட்ச் ஸ்க்ரம் கேட்டார். ஒரு காலத்தில் பின்னால் தள்ளப்பட்ட அதே ஸ்க்ரம். அதிலிருந்து தொடங்கிய ஆட்டத்தில் மூலையில் ஹெஸ்கெத் வைத்த டிரை வெற்றியைக் கொடுத்தது.

உங்கள் அணிக்கு: ஒரு பலமான அணியிடமிருந்து ஒரு பருவத்துக்கு ஒன்றே ஒன்றை எடுங்கள். நாங்கள் எடுத்தது எழுந்து நிற்பது.

அறிகுறி: எதிரணி பேரைக் கேட்டதும் முதல் இரண்டு நிமிடம் கை வழுக்குகிறது

பயத்தைப் பேசித் தீர்க்க முடியாது. முதல் நிமிடத்துக்கு ஒரு வேலை கொடுத்துத்தான் தீர்க்க முடியும். ஒவ்வொருவனுக்கும் தன் முதல் அசைவு மனப்பாடமாகத் தெரிய வேண்டும்: உதை வந்தால் நீ எங்கே, பிடித்தால் பாஸ் யாருக்கு. கை வேலையில் இருந்தால் நடுக்கம் குறையும்.

வருஷக்கணக்காகத் தோற்கிற அணிக்கு இத்தாலியைச் சொல்வேன். ஆறு நாடுகள் போட்டியில் தொடர்ச்சியாக 36 தோல்வி. அவர்களைப் போட்டியிலிருந்தே எடுத்துவிடலாம் என்றுகூடப் பேசினார்கள். 2022 மார்ச் 19, கார்டிஃபில் வேல்ஸ் 21-15 என்று முன்னிலை, ஆட்டம் முடியப்போகிறது. இத்தாலியின் கபுவோசோ தன் பாதியிலிருந்து வளைந்து வளைந்து ஓடி, பாதோவானிக்குப் பந்தைக் கொடுக்க, டிரை. கார்பிசி உதைத்தார், 22-21. அதற்கு ஒரு மாதம் முன்பே அவர்களுடைய 20 வயதுக்குட்பட்ட அணி இங்கிலாந்தை 6-0 என்று வென்றிருந்தது. கீழே இருந்த பையன்கள் வெல்லப் பழகிவிட்டார்கள், மேலே அது பிறகு தெரிந்தது. உங்கள் சின்னப் பையன்களுக்கு, அவர்கள் வெல்லக்கூடிய ஆட்டங்களையும் தேடிக் கொடுங்கள்.

நம் நாட்டிலும் பாருங்கள். இந்தியப் பெண்கள் பதினைவர் அணி 2019-இல் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றது, அது அவர்களுடைய முதல் சர்வதேச வெற்றி. 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கைச் சென்னை புல்ஸ் வென்றது. அந்த ஆட்டங்களை எங்கள் பையன்கள் கட்டைவிரலால் பந்தை மறைத்துத்தான் பார்த்தார்கள்.

கடைசியாக ஒன்று, எந்த அறிகுறியாக இருந்தாலும் செய்யலாம். உங்களை அடித்த அணியோடு சேர்ந்து ஒரு நாள் பயிற்சி கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், எனக்குத் தெரிந்து எந்த நல்ல கோச்சும் மறுத்ததில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மூன்று ஞாயிறு போனோம். அவர்களிடம் மறுபடி ஆடியபோது 24-12 என்று தோற்றோம். எங்கள் எண்ணிக்கை இரண்டே முக்கால் வினாடி.

வருகிற ஞாயிறு அவர்கள் தேவனாம்பட்டினம் வருகிறார்கள். மணலில் விழுந்து எழுவது அவர்களுக்குப் புதிது. வாட்ச்சை அந்தக் கோச் கையிலேயே கொடுக்கப்போகிறேன்.